எங்க நிக்கிற?

மலைமேல் ஒரு தண்ணீர்த் தொட்டி. அது நிரம்பியதும் மோட்டாரை நிறுத்துவது ஒரு குட்டிக் கணினிச் சில்லின் வேலை.

அந்தச் சில்லுக்குப் பட்டறை மேசையில் கிடந்த நாட்களின் நினைப்பாகவே இருக்கும். அங்கே டீபக்கர் என்ற சோதனைக் கருவி ஒரு வயரால் அதன் கையைப் பிடித்துக்கொண்டு, அடிக்கு அடி நிறுத்தி, "இப்ப எங்க நிக்கிற? கையில என்ன வச்சிருக்க?" என்று கேட்கும். அப்போது அது பெரிய தொல்லையாகத் தெரிந்தது.

மலைக்கு வந்தபின் தொட்டி அடிக்கடி வழிந்தது. "இன்னொரு தடவை வழிஞ்சா உன்னைக் கழட்டி எறிஞ்சிடுவாங்க" என்றது மோட்டார்.

சேதி பட்டறைக்குப் போனது. டீபக்கர் அங்கிருந்தபடியே சிக்னல் வழியாக வந்து, "எங்க நிக்கிற?" என்றது. அதே குரல்! சில்லு நின்று நின்று பதில் சொன்னது. அன்று ஒரு சொட்டுகூட வழியவில்லை. டீபக்கர் போன மறுநாளே வழிந்தது.

"நான் பாக்கும்போது மட்டும் ஒழுங்கா இருக்கியேடா!" என்றது மறுபடி சிக்னலில் வந்த டீபக்கர்.

"வேணும்னு செய்யலண்ணே. நீங்க கேட்டா ஒரு நிமிஷம் நிக்கிறேன், தண்ணி மட்டம் கண்ணுல படுது. கேக்க ஆளில்லேன்னா விழுந்தடிச்சு ஓடிடுறேன்."

டீபக்கர் யோசித்தது. "சரி, நான் கேட்டதா நெனச்சுக்கிட்டு, உன் வேலையோட ஒவ்வொரு சுத்துக்கும் நின்னு, எங்க நிக்கிறேன்னு எனக்குச் சொல்லி அனுப்பு."

அதன்பின் தொட்டி வழியவே இல்லை. "மட்டத்துக்கிட்ட நிக்கிறேண்ணே" என்று சில்லு இன்றைக்கும் சுற்றுக்கு ஒருமுறை சொல்லி அனுப்புகிறது.

பட்டறையில் டீபக்கரைப் பெட்டியில் போட்டு மூடி ஆறு வருஷமாகிறது.