ரத்தத்தின் வயது

"ஆசானிட்ட காட்டினீங்களா?"

"இல்ல டாக்டர். நேரா இங்கதான் வாறோம்," என்றாள் இந்துஜா.

எலும்பு முறிந்தால் முதலில் வர்ம ஆசானின் எண்ணெய்த் தடவல், பிறகே ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியில் ஆசான் பேச்சை எடுக்கக் கூடாது. எடுத்தால் அவர் பேர் கெடும், பேர் கெட்ட கையைத் தேடி யாரும் வரமாட்டார்கள். எங்கும் எழுதப்படாத இந்த விதியை அந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் காத்துவந்தன. தக்கலைக்காரியான டாக்டர் ஆதிராவுக்கும் அது தெரியும். இந்துஜாவின் கணவன் சுயம்புராஜின் விலாவில் எண்ணெய் மணந்தது. அவள் எக்ஸ்ரேக்கு எழுதிக்கொடுத்தாள்.

பலா மரத்தில் சக்கை பறிக்க ஏறி விழுந்தவன். படுக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் இடது நெஞ்சு லேசாக மங்கியிருந்தது, அவ்வளவுதான். ஆதிராவுக்கு மனம் ஒப்பவில்லை. நிமிர்த்தி உட்காரவைத்து மறுபடி எடுக்கச் சொன்னாள். பரவிக் கிடந்தது இப்போது கீழே இறங்கி, நெஞ்சின் அடிப்பாதியை வெள்ளையாக மூடியிருந்தது.

"நுரையீரலச் சுத்தி ரத்தம் கட்டியிருக்கு. மூச்சுமுட்டு எப்பத் தொடங்கிச்சு?"

இந்துஜா தன் தகப்பனாரைத் திரும்பிப் பார்த்தாள். மருமகனை ஆட்டோவிலிருந்து இரு கைகளிலும் ஏந்திவந்த பொன்னுலிங்கம் தலை கவிழ்ந்து நின்றார்.

"முந்தாநாளு. விழுந்ததுல இருந்தே," என்றாள் இந்துஜா.

"அப்படீன்னா மெதுவாக் கசிஞ்ச ரத்தம். குழாய் போட்டு வடிச்சிட்டுப் பாக்கலாம். இன்னைக்குத் தொடங்கினதுன்னா கதை வேற. உடனே ஆபரேஷன் வேண்டிவரும். படம் ரத்தத்தக் காட்டும், அதோட வயசக் காட்டாது. நீங்கதான் சொல்லணும்."

இந்துஜா வாயைத் திறந்தாள். கட்டிலில் கிடந்த சுயம்புராஜ் அவள் கையைப் பற்றினான்.

"ஏட்டி... சொன்னத... மாத்தாண்டாம்."

"மூச்சு விடத்தான் முடியல, புத்தி சொல்ல மட்டும் முடியுது!" என்று சீறினாள். சீற்றம் பாதியிலேயே அழுகையாக உடைந்தது. ஆனாலும் சொன்னதை அவள் மாற்றவில்லை.

ஆதிராவுக்குப் பொறுக்கவில்லை. "மாப்பிள்ள உயிரவிட அந்த ஆசான் பேரு பெருசா உங்களுக்கு?"

பொன்னுலிங்கம் நிமிர்ந்தார். வாசலில் கூடிநின்ற ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"காலம்பற வரைக்கும் நல்லா மூச்சு விட்டான், டாக்டர். தடவின பொறவாக்கும் முட்டினது. ஆபரேஷனுக்கு ஆளக் கூப்பிடுங்க. அந்த ஆசான் நான்தான்."