திண்டுக்கல்லைத் தவிர

"டீச்சர், திண்டுக்கல்ல விட்டுட்டீங்க" என்றான் நியாஸ்.

விட்டுப் போகவில்லை. வேண்டாமென்றுதான் விட்டிருக்கிறேன். இதை இவனுக்கு எத்தனை தரம் சொல்வது?

இங்கே திண்டுக்கல் பேகம்பூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறான். என்னிடம் பிளஸ் டூ விலங்கியலில் தட்டுத்தடுமாறிப் பாஸானவன். எந்தெந்த மருத்துவக் கல்லூரி வேண்டும் என்று வரிசையாகப் போட்டு இன்று சாயங்காலத்துக்குள் லாக் செய்தாக வேண்டும். அமுக்கிவிட்டால் அமுக்கியதுதான்.

எனக்கு நாற்பத்தாறு வயது. இத்தனை வருஷம் ஊரார் பிள்ளைகளை டாக்டராக்கி அனுப்பியது போதும் என்று நானே நீட் எழுதினேன். பாஸும் ஆனேன். ஒருத்தருக்காவது சந்தோஷம் வர வேண்டுமே! "இனிமே படிச்சு என்னைக்கு ஊசி போடப் போறீக?" என்று கேட்காத வாய் கிடையாது. கேட்காதவர் என் வீட்டுக்காரர் கிறிஸ்துராஜ் ஒருவர்தான். போன வருஷம் நான் படிக்க உட்கார்ந்தபோதே, நீ எழுது, நான் சோறாக்குகிறேன் என்றார். மூன்று மாதம் ஆக்கவும் செய்தார், உப்பு மட்டும் ஒருநாளும் சரியாக விழவில்லை. போன செப்டம்பரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷன் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

பக்கத்து நாற்காலியில் கொழுந்தன் ஜெரோம். துணைக்கு வருகிறேன் என்று வந்தவன், வந்ததிலிருந்து வக்கீல் வேலை பார்க்கிறான்.

"உள்ளூர்ல காலேஜ வச்சுக்கிட்டு எதுக்கு மதினி வெளியூர்ல போயிக் கெடக்கணும்? காலையில ஆக்கி வச்சுட்டுப் போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துரலாம்ல?"

ஆக்கி வைத்துவிட்டு!

டாக்டருக்குப் படித்தாலும் குழம்பு என் தலையில்தான். அடுத்தாற்போல, என்னிடம் தவளை அறுத்துப் பழகிய பயல் ஒருத்தன் அங்கே வாத்தியாராக இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான் என்றான். எதைப் பார்த்துக்கொள்வான்? எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தேன்.

தேனி, சிவகங்கை, புதுக்கோட்டை, கரூர். என் மார்க்குக்கு எதுவும் உறுதியில்லை. திண்டுக்கல்லையும் சேர்த்தால் சீட் கிடைக்க வாய்ப்பு கூடும். அது எனக்குத் தெரியாதா? விட்டால் இந்த வருஷமே கையை விட்டுப் போகும். இன்னொரு தரம் எழுத எனக்குத் தெம்பில்லை. அதுவும் தெரியும்.

கைபேசி மறுபடி அலறியது. மாமியார்.

காலையிலிருந்து இதே பாட்டு. முதல் தரம் முழங்கால் வலி. அடுத்து பிரஷர் மாத்திரை தீர்ந்துபோச்சு. அப்புறம், ராத்திரி தனியாகப் படுக்கப் பயமாயிருக்கு. எல்லாம் சுற்றி வளைத்து, "உள்ளூர்லயே படி ஆத்தா" என்றுதான் முடிகிறது. எடுக்கவில்லை.

அத்தையும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். மனம்விட்டுப் பேசி நாளாயிற்று. போன கல்லறைத் திருநாளுக்குத் தெருவே பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கிளம்பியபோது நாங்கள் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருந்தோம். அத்தை வாங்கி வைத்திருந்த சம்பங்கி அடுக்களையில் அப்படியே வாடிப்போனது.

"லாக் பண்ணுப்பா" என்றேன் நியாஸிடம்.

ஜெரோமுக்குக் கோபம் வந்துவிட்டது. "வேற எங்கயும் கெடைக்கலேன்னா என்ன பண்ணுவீக? அப்படி என்னதான் மதினி இருக்கு அந்தக் காலேஜுக்குள்ள?"

நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அவன் முகம் மாறியது. தலையைக் குனிந்துகொண்டான்.

கிறிஸ்துராஜை நாங்கள் கல்லறைக்குக் கொண்டுபோகவில்லை. அவர் எழுதி வைத்திருந்தபடி உடம்பை அந்தக் கல்லூரியில்தான் ஒப்படைத்தோம். வேனில் அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்து போனவன் இதே ஜெரோம். அங்கிருந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் வாங்கினார்கள். அடுத்த வருஷம் சேருகிற பிள்ளைகள் சாரோட உடம்பை வைத்துத்தான் படிப்பார்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஜெரோம் அழுதுகொண்டிருந்தான், அது அவன் காதில் விழுந்திருக்காது. என் காதில் விழுந்தது.

அடுத்த வருஷம் என்றது இந்த வருஷம்தான்.

கைபேசி மறுபடி அலறியது. இந்தத் தரம் எடுத்தேன். நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் எடுத்தேன்.

"என்னத்தே, ஒங்களுக்குச் சோறு வடிக்க ஆளு வேணும், அம்புட்டுத்தானே?"



"சோறு கெடக்கு, விடு ஆத்தா" என்றார் அத்தை. "எந்தப் பக்கம் பாத்து மெழுகுவத்தி ஏத்துறதுன்னு தெரியாம உக்காந்திருக்கேன். காலேஜு வாசல்ல போயி நின்னா என்னைய யாரு உள்ள விடுவா? நீ உள்ள போனேன்னா, எம்புள்ள எந்த ரூம்புல இருக்கான்னு பாத்து வந்து சொல்லுவேல்ல?"

நியாஸின் கை மவுஸின் மேல் இருந்தது.

"இருடா" என்றேன். "அமுக்காத."