மூன்றாவது எலும்பு
ஜன்னல் வெயில், காது ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் பாதியாய் வெட்டிய காதின் மேல் விழுகிறது. அதற்குக் கீழே, குறும்பி அடைத்த காதைச் சாய்த்தபடி ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார் உட்கார்ந்திருக்கிறார். "பாத்தும்மா, தண்ணி ரொம்பச் சூடா இருந்துடப் போகுது" என்கிறார் நர்ஸிடம். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அறைந்த கைக்கு எந்தக் கன்னம் நினைவிருக்கும்? அவள் வெந்நீரைத் தள்ளி வைத்துவிட்டு, சில்லென்ற குழாய்த் தண்ணீரைப் பெரிய சிரிஞ்சில் உறிஞ்சுகிறாள். குளிர்ந்த தண்ணீர் காதுக்குள் பாய்ந்தால் ஆளையே சுழற்றிவிடும். பத்து வருஷத்தில் ஒருமுறைகூட அவள் அந்தத் தப்பைச் செய்ததில்லை. "சுத்தி" என்று படத்திலுள்ள முதல் எலும்பின் பேரைச் சொல்லி அழுத்துகிறாள். குறும்பி பழுப்பாய்க் கிண்ணத்தில் விழுகிறது. "பட்டடை" என்று மறுபடி அழுத்துகிறாள். அவருடைய கண்மணிகள் ஒரு பக்கமாய் ஓடி ஓடித் திரும்புகின்றன. விரல்கள் நாற்காலியைப் பிறாண்டுகின்றன. "ஐயோ, ரூமே சுத்துதே! நிறுத்தும்மா!" அவள் குரல் உயரவில்லை. "ஏழாவது படிக்கறப்ப, காதுல இருக்கற மூணாவது எலும்பு பேரு எனக்கு வரல சார். செவிட்டுல ஒண்ணு விட்டீங்க. அங்கவடி சார். இப்ப நல்லா வருது." வாத்தியார் கெஞ்ச வாய் திறக்கிறார். அவள் மூன்றாவது சிரிஞ்சை நிரப்பிக்கொண்டே, அன்றிலிருந்து எதுவும் கேட்காத இடது காதை அவர் வாயருகே கொண்டுபோகிறாள். "இந்தப் பக்கமா சொல்லுங்க சார்."