தலைப்பிரட்டைகளின் குரல்

இதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் என் மீசையை மழித்துவிடுங்கள், அத்தனையும் சத்தியம்!

ஒரு குட்டையில் தினமும் ஓர் எருமை பொத்தென்று வந்து விழும். விழும்போதெல்லாம் தண்ணீர் கரை தாண்டி வழிந்துவிடும். இன்னும் நாலு முறை விழுந்தால் வெறும் சேறுதான்.

நண்டு டீச்சர் இந்தச் செய்தியைத் தலைப்பிரட்டைகளுக்குப் பாடமாக நடத்தினார்.

“சரிங்க டீச்சர், இப்ப நாங்க என்ன செய்யணும்?” என்றது ஒரு தலைப்பிரட்டை.

“எல்லாரும் சேர்ந்து குரல் கொடுக்கணும்.”

“யாருகிட்ட கொடுக்கணும்? திருப்பித் தருவாங்களா?”

“எங்களுக்குக் குரலே இன்னும் முளைக்கலையே!” என்றது இன்னொன்று.

டீச்சருக்கே குழப்பம். “புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு. போய்க் கொடுங்க!”

நானூறு தலைப்பிரட்டைகளும் குழம்பிக்கொண்டே போய், படுத்திருந்த எருமையின் வயிற்றில் வாலை ஆட்டின.

“ஐயோ, கூசுதே! யாருடா அது?” என்று துள்ளி எழுந்து ஓடிய எருமை, அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

மறுநாள் எல்லாருக்கும் மார்க் பூஜ்யம். “குரலைக் கொடுக்கச் சொன்னா வாலைக் கொடுத்திருக்கீங்க!” என்றார் டீச்சர்.

ஜெயித்தோமா, தோற்றோமா? தவளையான பிறகும் அவை இதைத்தான் கத்திக் கத்திக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். டீச்சர் கிள்ளிவிடுவார்.