மீனில்லாத இடம்

தேங்காய்ப்பட்டணத்து ஆற்றுமுகத்தில் தூண்டில் போட வருகிறவர்களை வள்ளத்தில் கூட்டிப்போவது ஏசுஅடிமையின் தொழில். ஓய்வுபெற்ற ஓவர்சீயர் ஞானசிங், வெள்ளைக்கார என்ஜினீயர்களோடு சேர்ந்து தூண்டில் பழகிய பெரிய கைகாரர். தன் தூண்டிலை வேறு யாரையும் தொடவிடமாட்டார். ஆனால் இந்த மாதம் முழுக்க அவருக்கு ஒரு மீன்கூடக் கொத்தவில்லை.

“பாறைப் பக்கம் போவமா? அங்க பெரிய மீனு கெடக்கும்” என்றார்.

“வேண்டாம் ஐயா, அங்க நீரோட்டம் சரியில்ல. இங்கயே போடுங்க.”

பக்கத்து வள்ளக்காரன் சிரித்தான். “ஏலே, அந்த வெறும் மணல்ல என்ன மீனுலே கெடக்கு?”

ஏசுஅடிமை தலைகுனிந்தான். ஞானசிங்கின் மனைவி செல்லபாய் அழுதுகொண்டே சொன்னது அவன் காதிலேயே இருந்தது. “அவருக்க நெஞ்சுக்குப் பலமில்லண்ணு டாக்டர் சொல்லியாச்சு. பெரிய மீனு இழுத்தா தாங்காது. இது அவருக்குத் தெரிய வேண்டாம். மீனில்லாத எடமாப் பாத்துக் கொண்டு போ மக்கா.”

“அடுத்த வாரம் கண்டிப்பாக் கொத்தும் ஐயா” என்றான்.

“எப்படிலே கொத்தும்?” ஞானசிங் தூண்டிலைத் தூக்கிக் காட்டினார். நுனியில் ஈயக்குண்டு மட்டும் தொங்கியது. இரை கோக்கும் முள்ளே இல்லை.

ஏசுஅடிமை திகைத்துப்போனான்.

“டாக்டர் அவகிட்டச் சொன்னத நானும் கேட்டுட்டேன். எனக்குத் தெரியாதுண்ணு நெனச்சுத்தான் அவ வீட்டுல சிரிச்சுக்கிட்டு நடக்கா. எனக்குத் தெரியும்ணு நீ அவகிட்டச் சொல்லிராத.”

“அம்மா கேட்டா என்ன சொல்ல ஐயா?”

“இண்ணைக்கும் ஒண்ணும் கொத்தலண்ணு சொல்லு. ராத்திரி நிம்மதியா உறங்குவா.”