பாலத்துக்கு அந்தப் பக்கம்

“நம்ம நியூ ஜெர்சியில டேங்க் நிமிஷத்துல ரொம்புது. பாலம் தாண்டி பென்சில்வேனியா போனா ஒரு சொட்டு பெட்ரோல் ஏற மாட்டேங்குது, கார்மைன்!” என்றாள் லொரெய்ன்.

மெக்கானிக் கார்மைன் டேங்கைக் கழற்றினான், குழாயை ஊதினான், மூடியை மாற்றினான்.

“இப்ப ஏறும்.”

“ஏறலைன்னா?”

“என் மீசையை எடுத்துடறேன். வாங்க, நானே கூட வர்றேன்.”

பாலம் தாண்டியதும் முதல் பங்க்கில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு சொட்டு ஏறவில்லை.

“பார்த்தியா?” என்றாள் லொரெய்ன்.

பின்னால் ஹார்ன் அடித்து ஓய்ந்த லாரிக்காரர் இறங்கி வந்தார். நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“ஜெர்சியா? உங்க ஊர் மாதிரி இங்க பெட்ரோல் போட ஆள் வரமாட்டாங்க. நாமளேதான் இறங்கிப் போட்டுக்கணும்!”

கார்மைன் மீசையைத் தடவிக்கொண்டான்.

“நாமளேவா? எப்படி?”