டென்ஷா வம்சத்தின் மூத்தவர்

கல்லறையைத் திறந்து பார்க்க வேண்டும் என்று நான் சொன்னதும் சர் ஆம்ப்ரோஸ் டென்ஷா சிரித்தார்.

"தாராளமா பாருங்க ஐயா. எங்க பாட்டனாருக்குப் பாட்டனார் அவர். வேண்டாம்னா சொல்லப்போறார்?"

அந்தச் சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை.

யார் பரம்பரைப் பிரபு, யார் நேற்று முளைத்த பணக்காரர் என்று இங்கிலாந்து ராணியின் பேரால் ஊர் ஊராக விசாரித்து எழுதுவது என் வேலை. வாய்ப்பேச்சை நான் நம்புவதில்லை. தேவாலயத்துக்குள் போய்க் கல்லறைகளைப் பார்ப்பேன். முன்னோரின் கல்லில் குடும்பச் சின்னம் இருந்தால் என் புத்தகத்தில் இடம் உண்டு. இல்லையென்றால் சந்தை நாளில் ஊர் நடுவே நின்று, 'இன்னார் பிரபு அல்ல' என்று உரக்க வாசித்துவிட்டுப் போய்விடுவேன். அப்படி வாசிக்கப்பட்டவர்களில் இரண்டு பேர் ஊரைவிட்டே போயிருக்கிறார்கள்.

ஆம்ப்ரோஸின் தகப்பனார் கம்பளி விற்றவர். லிங்கன் நகரத்தில் அது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் ஆம்ப்ரோஸின் ஊரான ஸ்கெல்பியின் தேவாலயத்தில், கவசம் அணிந்து கை கூப்பிப் படுத்திருந்தார் ஒரு கல் வீரர். நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால் பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை போட்ட சர் ரால்ஃப் டென்ஷாவாம்.

கல் பொய் சொன்னது. கவசத்தின் தோள்வாரைப் பூட்டியிருந்த விதம் என் அப்பா காலத்துப் பழக்கம். மூக்கு கொஞ்சமும் மழுங்கவில்லை. பழசாகத் தெரியட்டும் என்று கரியையும் பீரையும் குழைத்துப் பூசியிருந்தார்கள். தேய்த்துப் பார்த்தபோது நகக்கண்ணில் ஒட்டியது.

செதுக்கியவன் கைகாரன், அதையும் சொல்ல வேண்டும். அந்த உதடுகள் இப்போதுதான் எதையோ சொல்லி முடித்தவை போலிருந்தன.

உள்ளே ஒன்றும் இருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெறும் பெட்டியைக் காட்டிவிட்டால் விவகாரம் முடிந்தது.

பண்ணையாட்கள் நான்கு பேர் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். மூடி முனகிக்கொண்டே நகர்ந்தது.

உள்ளே ஒரு ஆள் கிடந்தான்.

மேலே சுண்ணாம்பு தூவியிருந்தது. முகம் இல்லை, எலும்புதான். ஆனால் பழைய எலும்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். காய்ந்த ரொட்டி மாதிரி உதிரும். இதில் மூட்டுகள் இன்னும் நரம்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. மண்டையில் பழுப்பு முடி. காலில் கம்பளிக் காலுறை, அதில் நீலச் சாயம்கூடப் போகவில்லை. பின்மண்டையில் ஒரு கோழிமுட்டை நுழையும் அளவுக்கு ஓட்டை.

நிமிர்ந்து பார்த்தேன். பண்ணையாட்களை வெளியே அனுப்பிவிட்டிருந்தார்கள். ஆம்ப்ரோஸின் மகன் ஜைல்ஸ் கதவில் முதுகைச் சாய்த்து நின்று, குத்துவாளால் ஆப்பிள் நறுக்கித் தின்றுகொண்டிருந்தான்.

"பாத்தாச்சா ஐயா?" என்றார் ஆம்ப்ரோஸ்.

"பார்த்தாச்சு."

"பழையவர்தானே?"

"ரொம்பப் பழையவர்" என்றேன்.

அங்கேயே புத்தகத்தைப் பிரித்து எழுதினேன். சர் ரால்ஃப் டென்ஷா, வம்சத்தின் மூத்தவர், உடல் நேரில் காணப்பட்டது. கை நடுங்கவில்லை. இன்று வரை எனக்கு அதுதான் ஆறவில்லை.

வெளியே என் குதிரையைப் பிடித்தபடி ஒரு பெண் நின்றிருந்தாள். தேவாலயத் தரையைக் கழுவுகிறவள். முழங்கை வரை ஈரம்.

"என் பேரு சிசிலிங்க. அந்தக் கல்லைச் செதுக்குன ஹியூவோட பொண்டாட்டி" என்றாள் மெல்ல. "வேலை முடிஞ்ச கையோட யார்க் பக்கம் போயிட்டார்னு சொன்னாங்க. ரெண்டு வருஷமாச்சு. ஒரு தகவலும் இல்ல."

நான் சேணத்தைச் சரிசெய்வது போல் குனிந்துகொண்டேன்.

"இங்க இந்த மூடியை யாரும் தொட முடியாது. நீங்க வருவீங்கன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். உள்ள இருக்கிறவருக்கு இடது கையில எத்தனை விரலுங்க?"

அவள் பின்னால், தேவாலய வாசலுக்கு ஜைல்ஸ் வந்துவிட்டிருந்தான். ஆப்பிளை மென்றபடி எங்களையே பார்த்தான்.

"அஞ்சு" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"அவருக்கு நாலுதாங்க! நான் வாக்கப்பட்டு வர்றதுக்கு முன்னாலயே ஒரு விரலைக் கல்லுக்குக் குடுத்துட்டாரு. அப்ப மனுஷன் எங்கயோ உசுரோடதான் இருக்காரு. வரட்டும், வாசல்லயே நிக்கவெச்சுக் கேக்கறேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். "மாவரைக்கிற ஆஸ்மண்ட் என்னைக் கட்டிக்கிறேன்னு மூணு மாசமா கேட்டுக்கிட்டிருக்காருங்க. தங்கமான மனுஷன். என் பிள்ளைங்க பசியாறுறதே அவர் ரொட்டியிலதான். புருஷன் செத்தது தெரிஞ்சா கட்டிவைக்கறேன்னு பாதிரியார் சொன்னாரு. நல்லவேளை, பாவத்துல விழ இருந்தேன். இப்பவே போய் முடியாதுன்னு சொல்லிடறேன்."

என் கையைப் பிடித்து முத்தமிட்டுவிட்டு, ஈரப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆற்றுப் பாதையில் ஓடினாள்.

குதிரையில் ஏறினேன். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் இருந்தாள்.

கல்லறைக்குள் கிடந்தவன் நெஞ்சின் மேல் மடித்து வைத்திருந்த இடது கையில், மோதிர விரல் இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்புதான் இருந்தது.